எண்ணெழுதிய கல்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பாறையில் கிரானைட் வெட்டத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, அதைச் சுற்றி இன்னோர் ஊர் எழுந்துவிட்டது. தகரக் கொட்டகைகள், புரோட்டாக் கடைகள், மதுக்கடை, விடிய விடிய லாரிகள். காலையில் சிவன் கோயிலில் நான் பதிகம் பாடுகையில், வெடி அதிர்ந்து கருவறை விளக்கின் சுடர் நடுங்கும். பிறகு குவாரியை மூடினார்கள். வந்தவர்கள் கொட்டகைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியது. கரையில், வெள்ளைப் பெயின்டில் எண்ணெழுதிய கற்கள் விலைபோகாமல் கிடந்தன.

அவற்றுள் ஒன்று கிரேன் சங்கிலி அறுந்து விழுந்த கல். அதன் அடியில்தான் ஒரு தொழிலாளி மாண்டார். அவர் மனைவி மட்டும் ஊர் திரும்பவில்லை. அந்தி வேளைகளில் அக்கல்லில் கன்னத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

“ஏங்க, சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துருச்சு. அப்படியே ஒங்க சிரிப்பு.”

பிறகு காது கொடுப்பாள். பதில் கிடைத்தவளைப் போலச் சிரிப்பாள். கோயிலிலிருந்து அவ்வழியே திரும்பும் நான் சற்று விலகி நடப்பேன்.

கிடந்த கற்களை ஜல்லிக்கு உடைக்க ஒருவர் ஏலம் எடுத்தபோது, அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

“ஐயா, அதச் சாமின்னு சொல்லிருங்க. நீங்க சொன்னாத் தொடமாட்டாக.”

“வெறுங்கல்லை நான் எப்படித் தாயி சாமின்னு சொல்றது?”

“நீங்க தெனமும் பாடுறது எதப் பாத்து?”

எங்கும் நிறைந்தவன் என்றுதானே நாளும் பாடுகிறேன். மறுநாள் அக்கல்லுக்குத் திருநீறு பூசி, எதிரே அமர்ந்து பாடினேன்.

இயந்திரம் ஓட்டிவந்தவன் சிரித்தான். “என்ன பெரியவரே, நேத்துவரைக்கும் நம்பர் கல்லு, இன்னைக்குச் சாமியா?”

“வாய மூடு மாப்ள,” என்றான் உடன்வந்தவன், செருப்பைக் கழற்றியபடி. “நமக்கெதுக்கு வம்பு? வண்டியத் திருப்பு.”

மற்றவையெல்லாம் ஜல்லியாயின. அக்கல் நின்றது. நின்ற கல்லுக்கு ஊரார் மஞ்சள் துணி சுற்றினார்கள், வேல் நட்டார்கள், கம்பிவேலியும் உண்டியலும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் வேன்கள் வரலாயின. நானும் போய்ப் பாடினேன்.

சென்ற ஆடியில் அவளை வரிசையில் கண்டேன். முறை வந்ததும் கம்பியில் முகம் பதித்து ஏதோ முணுமுணுத்தாள்.

பின்னாலிருந்தவள் தோளைத் தொட்டாள். “கும்பிட்டாச்சுல்ல, நகரு தாயி. எம்புட்டுப் பேரு நிக்கிறோம்!”

விலகியவள் நேரே என்னிடம் வந்தாள். கோபமில்லை அவள் முகத்தில். அதுதான் என்னை உலுக்கியது.

“கூட்டத்துல அவுக பேச மாட்டேங்கிறாக, ஐயா.”