ராத் அல்ல, ரேத்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். கடலையே பார்த்திராத என் மகள் சுதாவுக்காக, கரையோரப் பாறைகளில் வாழும் விரல்நீள ராஸ் மீன் ஒன்றை அவளையும் கூட்டிப்போய், உப்புநீர்த் தொட்டியோடு வாங்கினேன். "ராத் கோ மத் சேட்னா" என்றார் கடைக்காரர் இந்தியில். இரவில் தொந்தரவு செய்யக்கூடாதாக்கும் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை சுதா எழுமுன் பார்த்தால், கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது, மீன் இல்லை. துள்ளி விழுந்ததோ என்று கட்டிலடி, டிரான்சிஸ்டருக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். செத்து மணலில் அழுகுகிறதோ என்ற பதற்றத்தில் தோசைத்திருப்பியால் கிளறினேன். மணலிலிருந்து சீறிக் கிளம்பிய மீன் கண்ணாடியில் மோதிச் சரிந்தது. வால் கிழிந்திருந்தது.

"என்னப்பா பண்றீங்க? அந்தக் கடைக்கார அண்ணா சொன்னாரே." சுதா பின்னால் நின்றிருந்தாள்.

"ராத்திரிதானேம்மா தொடக்கூடாது?"

"ராத் இல்லப்பா, ரேத். மணலைக் கலைக்காதீங்கன்னார். அது மணலுக்குள்ளதான் தூங்குமாம். பயந்தாலும் அங்கதான் ஒளியுமாம்."

அவள் அழவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. மீன் மறுபடி மணலுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் ஆபீஸில் ஒரு ஃபைலும் நகரவில்லை. மூன்றாம் நாள் காலை கிழிந்த வாலோடு வெளியே வந்து, சுதா போட்ட இறால் துணுக்கைக் கவ்வியது.

இப்போதெல்லாம் மீனைக் காணாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். கடைக்காரர் இந்தியில் எது சொன்னாலும், சுதாவிடம் தமிழில் கேட்டுக்கொள்ளாமல் தலையாட்டுவதில்லை.