வாட்ச் பிலோ என்ற பெயர் வந்த விதம்

"வாட்ச் பிலோ போய்விட்டாள். நாளை மாலை அடக்கம்." ஹெப்பகோடி ஆபீஸில் ஒருவரை நேர்முகத் தேர்வு செய்துகொண்டிருந்தபோது நம் வகுப்பு ஷோபாவிடமிருந்து இந்த எஸ்.எம்.எஸ். வந்தது. எதிரே இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தேன். நோய் தெரிந்ததுதான், செய்தியும் எதிர்பார்த்ததுதான். உறுத்தியது அந்தப் பெயர். அடக்கப் பூசைக்கு வந்த நம் வகுப்பினரும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படியேதான் சொன்னார்கள். அதனால் இதை அந்த வகுப்பில் இருந்த உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பிலோமினா சிவாஜிநகர்க்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜி பி.ஏ. சேர்ந்த முதல் நாள், காலை ஜெபம் முடிந்து உட்கார்ந்தபோது என் பக்கத்து இடம் அவளுக்குக் கிடைத்தது. மூன்று வருடமும் அதுவே நிலைத்தது. அரை மார்க்குக்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆசிரியர் அறை வாசலில் நிற்பாள். "கடவுள் குடுக்கறத அவரே குடுப்பாருடி. மேடம் குடுக்க வேண்டியத நாமதான் கேட்டு வாங்கணும்" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இரண்டாம் வருடம் செய்த சொல் தொடர்புச் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் ஒவ்வொரு சொல்லாகப் படிக்க, எதிரே இருப்பவர் மனதில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்ட நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துக் குறிக்க வேண்டும். மறுநாள் அதையெல்லாம் மேடம் போர்டில் எழுதுவார். எந்தச் சொல்லுக்கு நேரம் நீண்டதோ அதை வைத்து வகுப்பே கூடி ஆராயும். பாதி உளவியல் படித்திருந்த நமக்கு அடுத்தவர் மனதைக் கிண்டுவதில் அப்படியொரு குஷி. "கல்யாணம்" என்ற சொல்லில் தடுமாறிய ஒருத்தியை வாரம் முழுக்க ஓட்டினோம்.

பிலோ படித்தாள், நான் பதில் சொன்னேன். மேஜைக்கு நாற்காலி, மழைக்குக் குடை. அடுத்து "அப்பா" என்றாள். என் அப்பா வீட்டை விட்டுப் போய், ஓசூரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அல்சூரில் அக்கம்பக்கத்துக்குக்கூட அம்மா இதைச் சொல்லவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு இது போர்டில் ஏறும், எல்லோரும் கேட்பார்கள் என்ற நினைப்பிலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

பிலோ என் முகத்தைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"வாட்ச நிறுத்திட்டேன். மெதுவா சொல்லு. சொல்லலைன்னாலும் பரவால்ல."

நான் சொல்லவில்லை. அவள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் போர்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மேடம் காரணம் கேட்டதற்கு, வாட்சைப் பார்க்க மறந்துவிட்டதாக பிலோ எழுந்து நின்று சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடம் மார்க்கைக் குறைத்தார். அன்றைக்கு அவள் ஆசிரியர் அறை வாசலுக்குப் போகவில்லை. உங்களில் யாரோ அந்தப் பெயரை வைத்தது அப்போதுதான்.

சாயங்காலம் பஸ்ஸில், "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆய்த்து, விடு. மார்க் போனதுக்கு ஒரு சமோசா வாங்கிக் குடு."

அப்பாவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு நானாகத்தான் சொன்னேன். "நெனச்சேன்" என்றதோடு சரி. அன்றைக்கு நீ வாட்சை மறக்கவில்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் இனிமேலாவது சொல்லிவிடட்டுமா என்றேன். "எதுக்கு? பேர் நல்லாத்தான இருக்கு" என்று சிரித்தாள்.

படிப்பு முடிந்ததும் அவள் ஒரு பள்ளியில் ஆலோசகராகப் போனாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "பயமா இருக்கா பிலோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "இருக்குடி" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை கேட்டு வருபவர் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் தடுமாறினால், நான் அடுத்த கேள்விக்கு ஓடுவதில்லை. காத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் அவள் எனக்குக் கொடுத்தது, இதை வைத்துக்கொள்கிறேன்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. வாட்ச் பிலோ என்றே சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு அவள் எதையும் மறக்கவில்லை. எனக்காக நிறுத்தினாள்.