நாற்பத்தொரு நீலப் பந்தல்கள்

"இருபத்திரண்டு வருஷம் நெட்பால் மைதானத்துல விசில் ஊதியிருக்கேன். ஊதின விசிலை ஒரு தடவைகூடத் திருப்பி உள்ள இழுத்ததில்ல. இங்கயும் அதேதான். படத்தைப் பாத்து ஒருதரம் அழுத்தினா அழுத்தினதுதான். கடவுளே இறங்கி வந்து 'மெரே, கொஞ்சம் யோசி'ன்னாலும், அவரைக் கோட்டுக்கு வெளிய போய் நிக்கச் சொல்லுவேன்."

எங்கள் தீவுத் தலைநகர் சுவாவில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மெரெவலேசி அம்மையார் இதை முழங்கியபோது ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருந்தது. பிரிஸ்பேன் தலைமை அலுவலகம், செயற்கை நுண்ணறிவுத் துறையில் பணிபுரிவோருடன் உரையாடல் என்று ஒரு தொடரைத் தயாரித்து வருகிறது. கழுத்துப்பட்டை கட்டிய பதினோரு பேரிடம் பேசி முடித்த பிறகுதான், நாள் முழுக்கப் படம் பார்த்துப் பொத்தான் அழுத்துகிறவர்களும் அதே துறையில் இருக்கிறார்கள் என்பது அங்கே யாருக்கோ நினைவு வந்திருக்கிறது. உடனே இமோஜென் என்ற இளம்பெண் ஒரு பெட்டியோடு திங்கட்கிழமை வந்து இறங்கினாள். பேசுவதற்கு யார் முன்வருகிறீர்கள் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், அம்மையார் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"இந்தத் துறைல உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்களேன்."

"நசினு பஸ்ல ஏறுவேன். உக்கார இடம் கிடைக்காது. அவ்வளவுதான் பயணம்."

"நீங்க கத்துக்குடுக்கற கணினியே நாளைக்கு உங்க வேலையை எடுத்துக்குமோன்னு பயம் இருக்கா?"

"எடுத்துக்கட்டுமே! ஏழு மணி பஸ்ல ஈரக் குடையோட நின்னுக்கிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்."

இமோஜென் இதைக் குறித்துக்கொண்டாள். தலைமை அலுவலகம் இந்தப் பதிலை எந்தத் தலைப்பின்கீழ் சேர்க்கும் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அம்மையாருக்கு ஐம்பத்து மூன்று வயது. காதோரம் ஒரு செம்பருத்தி இல்லாமல் அவர் கணினியைத் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. திறந்ததும் அதற்குக் காலை வணக்கம் சொல்வார், அது மெதுவாக விழித்தால், "உங்க வீட்ல நேத்து ராத்திரி கவா குடியா?" என்று விசாரிப்பார்; கவா, குடித்தவரை அசத்திப் போடும் எங்கள் ஊர் வேர்ச்சாறு. பத்து மணிக்கு மரவள்ளிக் கிழங்கும் டின் மீனும். அந்த வாசனையைப் பற்றி ஒருமுறை மேலிடத்தில் புகார் போயிற்று. புகார் எழுதியவருக்கும் ஒரு தட்டு நீட்டப்பட்டது. அதோடு புகார் முடிந்தது.

வேலை இதுதான். புயல் அடித்து மூன்று வாரம் கழித்து வானிலிருந்து எடுத்த கூரைப் படங்கள் திரையில் வரும். நலம், பாதிச் சேதம், முழுச் சேதம் என்று மூன்று பொத்தான்கள். நாங்கள் அழுத்தி அழுத்திக் காட்டியதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். அடுத்த புயலில் அரிசியும் தார்ப்பாயும் முதலில் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று அதுவே சொல்லும். ஒரே படம் மூன்று நாடுகளில் மூன்று பேருக்குப் போகிறது. இரண்டு பேர் ஒத்துச் சொன்னால் அது உண்மை. மூன்றாமவர் சொன்னது பிழை. உண்மையைக் கண்டுபிடிக்க மனிதகுலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் மெனக்கெட்டது வீண்; மூன்று பேரைக் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்லியிருந்தால் போதும்.

மற்றவர்களோடு ஒத்துப்போகும் அளவுக்கு மதிப்பெண் உண்டு. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் வெள்ளிக்கிழமையோடு நாற்காலி காலி. புதன்கிழமை அம்மையாரின் மதிப்பெண் எழுபத்தொன்பது.

மேற்பார்வையாளன் ரோனில் நல்ல பையன். கெட்ட செய்தி சொல்லவேண்டிய நாட்களில் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொள்வான்.

"ஆன்ட்டி, நாப்பத்தொரு படத்துல நீங்க மட்டும் தனியா நிக்கறீங்க."

"பந்தைக் கூடைல போடறவ தனியாத்தான் நிப்பா, போசோ."

முதலாளியைத்தான் இங்கே போசோ என்பார்கள். ரோனிலை அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குத் தயார் என்று பொருள்.

"எல்லாத்துலயும் நீலத் தார்ப்பாய் தெரியுது. மத்த ரெண்டு பேரும் முழுச் சேதம்னு போட்டிருக்காங்க. நீங்க நலம்னு போட்டிருக்கீங்க."

"ஓய்லே! அது கூரை மேல போட்ட தார்ப்பாயா? பந்தல்டா. கல்யாணமோ சாவோ நடக்குது. நாலு கம்பு நட்டுக் கட்டினதால நிழல் தள்ளி விழுந்து கிடக்கு பாரு. வீடுன்னா நிழல் சுவரோட ஒட்டிக்கிட்டு வராது? பக்கத்துல புகையைப் பாரு, குழி அடுப்புல பன்னி வேகுது. கூரை போனவன் எவன் பன்னி வேகவைப்பான்?"

"எனக்குப் புரியுது ஆன்ட்டி. அறிக்கைக்குப் புரியாதே."

"அந்த ரெண்டு பேரும் நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு வந்திருக்காங்களா?"

"எங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது."

"அப்ப அவங்களுக்கு நம்ம பந்தலைப் பத்தி என்ன பேச்சு? நாளைக்குப் புயல் வரும். அரிசிப் படகு நேரா கல்யாண வீட்டு வாசல்ல போய் நிக்கும். கூரை போனவன் மழைல உக்காந்திருப்பான். அதுக்கு நீ கையெழுத்துப் போடறியா?"

ரோனில் காகிதத்தை மடித்தான். குரலைத் தாழ்த்தி, நாற்பத்தொன்றையும் மாற்றிவிட்டால் மதிப்பெண் தொண்ணூற்று நான்காகிவிடும், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள் என்றான். அம்மையார் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் அந்த வரிசைக்கே வெளிச்சம் குறையும்.

"எழுது," என்றார். "படம் குடுத்தவங்களுக்குக் கடுதாசி. நான் சொல்றேன், நீ தட்டு. மொதல்ல நிழல்லேர்ந்து ஆரம்பி."

கடிதம் போயிற்று. மறுநாள் பதில் வந்தது. நாற்பத்தொன்றில் ஏதேனும் பத்தை எடுத்துப் பார்ப்பார்களாம். பத்தும் பந்தல் என்றால் அத்தனையும் பந்தல். ஒன்று தவறினாலும் இரண்டு பேர் தீர்ப்பே நிற்கும், எழுபத்தொன்பதும் நிற்கும்.

"பத்து போதுமான்னு கேளு," என்றார் அம்மையார். "வேணும்னா கல்யாணப் பத்திரிகையும் வாங்கித் தரேன்."

வெள்ளிக்கிழமை மதியம் ரோனில் கையில் காகிதம் இல்லாமலே ஓடிவந்தான். பத்தும் பந்தல். எங்கள் மாடியில் எழுந்த கூச்சலுக்குக் கீழே ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். யாரோ அன்னாசி வெட்டினார்கள்.

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு," என்றான் ரோனில். "நாலு மணிக்குப் பட்டியலைப் பூட்டிடுவாங்க. அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க. ஒண்ணை மாத்தினாலும் அங்க செவப்பாத் தெரியும். மறுபடி மொதல்லேர்ந்து கிளறுவாங்க."

"நான் என்னைக்குடா மாத்தியிருக்கேன்?"

எல்லோரும் அன்னாசியோடு பால்கனிக்குப் போனார்கள். அம்மையார் மட்டும் உட்கார்ந்து, வென்ற படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல. பக்கத்து நாற்காலி என்னுடையது. "இது கல்யாணம்... இது சாவு, காரெல்லாம் ஒரே பக்கமா நிக்குது... இது சர்ச்சுக்கு வசூல்..." முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டாவது படத்தில் நின்றது.

பெரிதாக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக்கினார். நிழல் தள்ளி விழவில்லை. சுவரோடு ஒட்டி வந்தது. தார்ப்பாயின் மூலையில், காற்றுக்குத் தூக்காமலிருக்க இரண்டு பழைய டயர்கள். புகை இல்லை. முற்றத்தில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருந்தது.

மணி மூன்றரை. "ஓய்லே," என்றார், சத்தமே வராமல்.

பால்கனியிலிருந்து ரோனிலின் சிரிப்பு கேட்டது. அம்மையார் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் திரையில் ஒரு தென்னந்தோப்பை மிகத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலியை முன்னே இழுத்து, ஏடிஎம்மில் ரகசிய எண் போடுகிறவர்போல இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு, வலது கையால் முழுச் சேதத்தை அழுத்தினார்.