மலைப் பக்கச் சுவர்

வேலையை விட்டுவிட்டு, தேர்வாய் கண்டிகை கம்பெனி கேட்டிலிருந்து வெகுதூரம் வந்திருந்தேன். பூட்ஸ் கான்ட்ராக்டருடையது, கழற்றிக் கொடுத்துவிட்டேன். செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு நடந்தேன். சண்டை எதுவும் இல்லை. சில மாதம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏழாம் வகுப்பை விட்டதும் அப்படித்தான். ஊத்துக்கோட்டை போய் பஸ் பிடிக்கலாம் என்று மலையைப் பார்த்த மண் சாலையில் திரும்பினேன்.

மலையடியில் ஒரு சின்ன வீடு பாதி எழும்பியிருந்தது. மேஸ்திரி, சித்தாள் யாரும் இல்லை. அறுபது தாண்டிய ஒருவர் மலைப் பக்கச் சுவருக்கு உள்ளே நின்று ஹாலோ பிளாக் கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெளியே நின்று ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டிய கையோடு அந்த அக்கா வழக்கையும் என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு நைனா. மலையாண்ட வந்து ஊடு கட்டிக்கினு, மலைப் பக்கம் ஜன்னல் வெக்காம கட்டுவாங்களா?"

"வெளிச்சம் வந்தா எனுக்கு எப்டி தூக்கம் வரும்?" என்றார் அவர் உள்ளேயிருந்து.

"ரிட்டயர் ஆயும் இந்தாளு பகல்லதான் தூங்குவாரு. இவுருக்கு ஊடு வாணாம், குடோன் போதும்."

ரிட்டயர் ஆகும்வரை அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அக்காவுக்கு இன்னொரு கம்பெனி கேன்டீனில் பகல் வேலை. வாடகை அறை ஒன்றுதான். காலையில் அவர் உள்ளே வர, அக்கா வெளியே போவார். வாசற்படியில் சாவி கை மாறும். அவர் பகலில் தூங்க அந்த அறை ஜன்னலில் அட்டை அடித்து, ஆணியெல்லாம் துருப்பிடித்துப்போனதாம்.

"நாங்க பேசிக்கிறதே இல்லன்னு பக்கத்து ஊட்டம்மா பஞ்சாயத்து பண்ண வந்துச்சு," என்று அக்கா சிரித்தார்.

வேப்பமரத்தில் ஒரு பழைய மர ஜன்னல் சாய்ந்திருந்தது. அக்கா பொன்னேரியில் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

சாப்பாட்டுக்காக நானும் உள்ளே நின்று கல் தூக்கினேன். சுவர் அவர்கள் நெஞ்சளவு இருந்தவரை இருவரும் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்கள். "கல்ல நேரா புடிமே." "நீ நேரா நில்லுய்யா, சொவுரு தானா நேரா வரும்." வரி ஏற ஏறப் பேச்சு குறைந்தது. அக்கா குள்ளம். வெயில் சாயும் நேரத்தில் அவர் தலை மறைந்துவிட்டது. மலையும் உள்ளேயிருந்து தெரியவில்லை.

டீ வந்தது. சுவருக்கு மேலே ஒரு டம்ளரும் விரல்களும் மட்டும் தெரிந்தன. அவர் வாங்கிக்கொண்டார்.

"மே... எங்க போன?"

"இங்கதான் கீறேன்."

"தெர்லியே."

"நீதான கட்டுன."

"சரி, பேசிக்கினே இரு."

"இன்னாத்த பேசுறது? ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, சாவிய புடி." அக்கா அந்தப் பக்கம் சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரணையைக் கழுவி வைத்து, "இன்னிக்கு போதும்" என்றார். இரவுச் சாப்பாடு அங்கேயே முடிந்தது. நான் சிமென்ட் சாக்குகளை விரித்துப் படுத்தேன்.

விடியும்போது அவர்தான் என்னை எழுப்பினார். இரவு தூங்கவில்லை என்று கண் சொன்னது. மர ஜன்னலைச் சுவரோரம் தூக்கி வந்து வைத்திருந்தார். அதன் அளவுக்குச் சுவரில் கரியால் கோடு இழுத்திருந்தார்.

"ஊத்துக்கோட்டைக்கு அவசரமா போவணுமா?"

"இல்லண்ணே."

"அப்ப இரு. இத்த பிரிச்சி ஜன்னல வெச்சி, மேல கட்டி முடிச்சிட்டுப் போ."

"வெளிச்சம் வந்தா தூக்கம்?"

"துண்ட கண்ணுல போட்டுக்கினா இருட்டுதான?" கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.

அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை அதுதான். அவர் கட்டியதைப் பிரிப்பது. அங்கிருந்த தண்ணீர் ட்ரம் மேல் ஏறி நின்றேன். மேல் வரியில் கலவை இன்னும் முழுதாக இறுகவில்லை, கடப்பாரை முனை பட்டதும் கல் அசைந்தது. கழற்றி மறுபக்கம் இறக்கப் பார்த்தால், வாங்குவதற்கு இரண்டு கைகள் ஏற்கெனவே நீண்டிருந்தன.

"பாத்து நைனா, ஒடச்சிடாத," என்றார் அக்கா. "அந்தாண்ட சொவுத்துக்கு ஆவும்."