தம்பியின் தலையில் ஊறிய தண்ணீர்

சித்தியின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது என்று எழுதினால் தவறாகிவிடும். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது; பிள்ளையோடு வந்து இறங்கியதுதான் எங்கள் வீட்டில். நாங்கள் அப்போது ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். சித்தப்பா தாப்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவார். தாய்வீடு என்று சித்திக்கு மிஞ்சியிருந்தது அவளுடைய அக்காள், அதாவது என் அம்மா. ஆகவே பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலை அம்மாவுடையதாயிற்று. எனக்கு எட்டு வயது.

அம்மா குளியலறைத் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, சித்தியின் பிள்ளையான தம்பியைக் கால்கள் மேல் கிடத்திக்கொள்வாள். உச்சிக்குழியில் விளக்கெண்ணெய் வைத்து விரலால் மெல்லத் தட்டுவாள். பிறகு வெந்நீரை உயரத்திலிருந்து தலையில் ஊற்றுவாள். அப்படி ஊற்றினால்தான் தலை உருண்டையாக வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. வந்தது. தேவைக்கு மேலேயே வந்தது. நான்கு மாதத்தில், வாங்கி வைத்த தொப்பிகளில் ஒன்றும் அவனுக்குச் சேரவில்லை. பார்க்க வந்தவர்கள், இவ்வளவு பெரிய தலை இருந்தால் பெரிய படிப்பு படிப்பான் என்றார்கள். சித்தி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவன் பால் குடித்ததையெல்லாம் கக்கத் தொடங்கும் வரை. அவன் கண்கள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டன. எப்போதும் தன் மூக்கு நுனியைப் பார்ப்பவன் போல் இருந்தான்.

சித்தியும் சித்தப்பாவும் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாழ்ப்பாணத்து வழிவந்த ஒரு டாக்டரம்மா தமிழிலேயே விளக்கமாகப் பேசினாராம். ஆனால் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இரண்டே செய்திகள்: தலைக்குள் தண்ணீர் கட்டியிருக்கிறது, ஆப்பரேஷன் செய்ய வேண்டும்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். "மெதுவா ஊத்துக்கா, உச்சி இன்னும் மூடலன்னு சொன்னேன்லா. கேட்டியா நீ?"

"அக்காவ ஏன் சொல்ற? ஊத்துனதால வந்துச்சுன்னு டாக்டரம்மா சொல்லலயே," என்றார் சித்தப்பா.

"பின்ன எப்படி வந்துச்சாம்? உள்ளயே ஊறுறதுக்கு அது என்ன கிணறா?"

அம்மா எழுந்துபோய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை இறக்கி வைத்தாள். அன்றிலிருந்து அவள் தம்பியைத் தொடவில்லை. சித்தியும் தொட விடவில்லை.

வெளியிலிருந்து போன தண்ணீர் என்றால், ஊற்றுவதை நிறுத்தினால் தானே வற்றிவிடும். பிறகு எதற்குப் பச்சைப் பிள்ளையை அறுப்பது? சித்தியின் கணக்கு இதுதான். அவனுக்குக் குளியல் நின்றது. ஈரத்துணியால் உடம்பை மட்டும் துடைத்தார்கள். காலை வெயிலில் தலையைக் காட்டினாள், மாலையில் சாம்பிராணிப் புகையில் காட்டினாள். தண்ணீர் வற்றவில்லை. நெற்றி நரம்புகள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. நாள் தள்ளத் தள்ள ஆபத்து என்று சித்தப்பா வாராவாரம் வந்து கெஞ்சிவிட்டுப் போனார்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. உச்சி வழியாகத் தண்ணீர் போகுமானால் மூக்கு வழியாக ஏன் வரவில்லை? துணிக்குப் போடும் நீலத்தை ஒரு குவளையில் கரைத்து என் உச்சியில் ஊற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டைதான் நீலமானது. சட்டையைக் கண்ட அம்மா என்ன செய்தாய் என்று கேட்டாள், சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். என் தலையைத் துடைத்துவிட்டாள், வெகுநேரம்.

அந்த வாரத்திலேயே அப்பா ஜெலாப்பாங் பகுதியில் வேலை முடிந்து வரும்போது இரண்டு இளநீர் வாங்கி வந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, வழுக்கை இருக்குமென்று ஒன்றைப் பிளக்கச் சொன்னேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஏமாற்றிவிட்டான் கடைக்காரன் என்றேன்.

"ரொம்பப் பிஞ்சுலா இது," என்றார் அப்பா. "மொதல்ல தண்ணி மட்டுந்தான் இருக்கும். அப்புறந்தான் ஓட்டோரமா சதை பிடிக்கும்."

"தண்ணிய யாரு ஊத்துனா?"

"யாரு ஊத்துவா? அதுவா ஊறுது."

பிளந்த மூடியோடு நேரே சித்தியிடம் போனேன். "சித்தி, இதுக்குள்ள யாருமே தண்ணி ஊத்தலயாம். அதுவா ஊறுச்சாம். ஓட்டை ஒண்ணும் இல்ல, நீங்களே பாருங்க."

"போடி, பெரிய டாக்டரு," என்றாள் சித்தி. ஆனால் மூடியை வாங்கிக்கொண்டாள். உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வருவதற்குக் காத்திருக்காமல் மறுநாள் காலையே தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அப்பா லீவு போட்டார். பிடிவாதம் பிடித்து நானும் போனேன். அம்மா வரவில்லை.

டாக்டரம்மா சலிக்காமல் மறுபடியும் சொன்னார். "குளிக்க வார்த்து வந்த நோய் வருத்தமில்லை இது. எல்லாற்ற தலைக்குள்ளயும் இந்தத் தண்ணி இருக்கு. நாள் முழுக்க ஊறும், வடியும். இவனுக்கு வடியிற வழி அடைச்சுப்போச்சு. அவ்வளவுதான்."

"அப்ப எங்கக்கா ஊத்துன தண்ணி?"

"அது குளியலறைக் கானுக்குள்ள போயிருக்கும்."

சாக்கடைக்குள் போயிருக்கும் என்றதும் அப்பா சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை, தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லார் தலையிலும் தண்ணீர் என்று கேட்ட நான், வெளியே வரும்போது தளும்பாமல் இருக்க வேண்டுமே என்று தலையை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றிப் பெரியவளான பிறகு கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். கருவில் மூளை ஒரு சிறு குழாயாகத்தான் தொடங்குகிறது. குழாய் மூடிக்கொண்டதும் உள்ளே நீர் நிறைகிறது. நீர் உள்ளிருந்து தள்ளத் தள்ளத்தான் குழாய் உப்பி மூளையின் வடிவுக்கு வருகிறது. உள்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் அந்த நீரைத் தொட்டுக்கொண்டே பெருகுகின்றன. எப்போது பெருக வேண்டும் என்ற சேதிகளில் சில அந்த நீரில் கரைந்தே வருகின்றன. கோழிக் கருவில் நீரை வடித்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூளை வளராமல் குறுகி நின்றுவிட்டது. ஆக, நாங்கள் சாம்பிராணி போட்டு வற்றவைக்கப் பார்த்தது தம்பியின் மூளையை முதலில் ஊதி வளர்த்த பொருளை. டாக்டர்களும் அதை வற்றவைக்கவில்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, மிஞ்சுவது வயிற்றுக்குள் வடிய வழிசெய்தார்கள். அவ்வளவுதான்.

ஆப்பரேஷன் முடிந்து தம்பி வீட்டுக்கு வந்தான். தையல் ஆறி, இனித் தலைக்கு ஊற்றலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, ஒரு காலையில் சித்தி தானே வெந்நீர் போட்டு விளாவினாள். அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்து கால்களை நீட்டி உட்கார்ந்தாள். சித்தி பிள்ளையைக் கால்கள் மேல் கிடத்தினாள். அம்மா அவன் நெஞ்சில் ஊற்றினாள், வயிற்றில் ஊற்றினாள், கால்களைத் தேய்த்து ஊற்றினாள். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டுக்குக் கை நீட்டினாள்.

"தலைக்கு?" என்றாள் சித்தி.

"நீயே ஊத்திக்க."

சித்தி ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். குவளையை நிறைத்து அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துத் தம்பியின் தலைக்கு மேல் கொண்டுவந்தாள். "ஊத்துக்கா," என்றாள். குவளை சாய்ந்தது. தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாக விழுந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். தம்பி மட்டும் கண்ணை உயர்த்தி அவர்களைப் பார்த்தான்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சில வாரங்கள் விட்டதில் அம்மாவுக்குப் பிள்ளை குளிப்பாட்டவே மறந்துபோய், சின்னவளான சித்தி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.