காற்றில் திராட்சை கிள்ளியவர்

அன்று காலை முதியோர் வார்டில் ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பெரியவரின் மனைவி, மகன், மருமகள், நான். வராதவர் திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள். கட்டிலில் படுத்திருந்த பெரியவரையும் வராதவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். உடம்பு தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஆள் ஓடைப்பட்டியில் தன் திராட்சைப் பந்தலுக்கடியில் இருந்தார்.

அவருடைய இரண்டு கைகளும் காற்றில் மெதுவாக அலைந்துகொண்டிருந்தன. எதையோ தொடும், ஒதுக்கும், கிள்ளும். மறுபடி மேலே போகும். கண்கள் பாதி மூடியிருந்தன. ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்த விரல்களுக்கு நடுவில் புகுந்து போர்வையில் நிழலாக ஆடியது. டாக்டருக்குப் படித்து முடித்து நான் அந்த வார்டில் சேர்ந்த புதிது. நான் நாடி பார்க்க மறந்து அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை காத்துல தேட ஆரம்பிச்சிருச்சு தம்பி," என்றார் பெரியவரின் மனைவி. "எங்க மாமனாருக்கும் இப்படித்தேன். அன்னிக்குப் பொழுது தாண்டல."

மருமகள் கையில் பால் டம்ளர். மகன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், எழுதிக் குடுத்துருங்க. வீட்டுக்குக் கொண்டுபோயிர்றோம். உசுரு வீட்ல போகட்டும். தங்கச்சி வீட்டுக்கும் சொல்லியாச்சு, வண்டி புடிச்சு வந்துக்கிட்டு இருக்காக."

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் தெருவிலும் கை காற்றில் தேடினால் பால் காய்ச்சத்தான் ஓடுவார்கள். உறவு ஒவ்வொன்றாக வந்து ஒரு வாய் ஊற்றும். அதற்குமேல் யாரும் எதையும் தேடமாட்டார்கள்.

ஆனால் பெரியவரின் ரத்தப் பரிசோதனை வந்திருந்தது. ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்திருந்தது; புத்தி தடுமாறியது அதனால்தான். கால் வீக்கத்துக்கு யாரோ கொடுத்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரையை அவர் நிறுத்தாமல் விழுங்கியிருக்கிறார். அதோடு பத்தியம் என்று கஞ்சியிலும் உப்பை நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையில் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பெரிய டாக்டர் வந்து பார்த்து, "உப்ப மெதுவா ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கு ஆபத்து. நாளன்னிக்குக் காலை வரைக்கும் இருக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். இருக்கச் சொல்ல வேண்டியது நான்.

என்ன சொல்வதென்று தெரியாமல் பெரியவரிடமே குனிந்தேன். "ஐயா, என்ன பண்றீக?"

"கண்ணு தெரியல?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "கொத்துல அழுகுன காயக் கிள்ளுறேன். விட்டா கொத்தே போயிரும். ஏலே, கூடைய அங்கன வைக்காத, ஈரம்."

இல்லாத கூடையை எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். அவர் தலையசைத்தார். மருமகள் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்தா," என்றேன் அந்த அம்மாவிடம், "இது சாவுற கையி இல்ல. வேலை செய்யிற கையி. நாளன்னிக்குக் காலை வரைக்கும் குடுங்க."

"பொழைச்சுருவாகளா?"

"சத்தியம் பண்ண முடியாது ஆத்தா."

 அந்த அம்மா மருமகளிடமிருந்து டம்ளரை வாங்கி அந்தப் பாலைத் தானே குடித்துவிட்டார். "நேத்துலருந்து பல்லுல பச்சத் தண்ணி படல," என்றார்.

மாலை மகள் வந்து சேர்ந்தார், வண்டி நிறைய சம்பந்தி வீட்டு ஆட்களோடு. இதற்குள் உயிர் போயிருக்கும் என்று நினைத்து ரோஜா மாலையும் கோடி வேட்டியும் வாங்கியிருந்தார்கள். வழியில் போன் போட்டுக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லையாம். வண்டியைத் திருப்பி அனுப்பவும் பயம். நாளைக்கே மறுபடி பிடிக்க வேண்டி வந்தால்? அது ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றது.

அந்த இரண்டு நாட்களும் எனக்கு ஏதோ நீருக்கடியில் நடப்பதுபோல இருந்தன. சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலைப் பார்ப்பேன், ரத்தம் எடுப்பேன், பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பேன். இடையிடையே பெரியவர் கூப்பிட்டால் தோட்டத்துக்குள் போவேன். "தலையக் குனிஞ்சு வாடா," என்பார். குனிவேன். மேற்கே மலையிலிருந்து காற்று வந்து வார்டின் திரைகள் உப்பும்போது, அவை இலைகள் என்று எனக்கே தோன்றியது. பன்னீர்த் திராட்சை வாசம்கூட வந்தது. பக்கத்துக் கட்டிலில் யாராவது பழம் தின்றிருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சம்பந்தி பொறுமையிழந்தார். "எத்தன நாளைக்கு மாப்ள வச்சுப் பாக்குறது? படிக்க வந்த பையன் பேச்சக் கேட்டுக்கிட்டு."

மகன் என் முகத்தைப் பார்த்தார். நான் சொட்டும் பாட்டிலைச் சரிபார்க்கத் திரும்பினேன். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "தம்பி கேட்ட நாளு முடியட்டும். ஒங்களுக்கு அவசரம்னா மாலைய நீங்க போட்டுக்கிட்டு கெளம்புங்க அண்ணே."

மூன்றாம் நாள் காலை நான் போனபோது பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் சும்மா கிடந்தன. இட்லியை மனைவி பிட்டுக் கொடுக்க, மென்று கவனமாக விழுங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாருப்பா?"

"டாக்டரு ஐயா."

"இம்புட்டுச் சின்னப் பயலா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே ஒரு சின்னக் கதவு சாத்திக்கொண்டதுபோல இருந்தது. அந்தத் தோட்டத்துக்குள் இனி யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குள் பெரியவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டார்.

"வாசல்ல நிக்கிற வண்டி யாருது?"

மகன் ஜன்னல் திரையை இழுத்து மூடப் போனார்.

"ஏலே, ஒன்னையத்தேன் கேக்குறேன்."

மகன் தலையைச் சொறிந்தார். "நம்மளுதுதேன்ப்பா. திருப்பூர்லருந்து..."

"எதுக்கு?"

"ஒங்களப் பாக்கத்தேன்."

"பாத்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கு நிக்குது? எம்புட்டுடா ஆச்சு?"

மகன் என்னைப் பார்த்தார், நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. பிறகு விரல் விட்டு எண்ணினார். வண்டி வாடகை, காத்திருந்த நாளுக்குக் கூலி, டிரைவர் படி, வாடிப்போன ரோஜா மாலை, கோடி வேட்டி. எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.