மஞ்சள் துணியில் சிவந்த ஐந்து ரூபாய்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு நொறுங்கிய அன்று, புத்தூரில் கட்டுப் போட்டு வீடு திரும்பியதும், என் மனைவி செய்த முதல் வேலை ஓர் ஐந்து ரூபாய்க் காசை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தது. கை கூடினால் அதே காசைத் திருமலை உண்டியலில் போடுவதாக வேண்டுதல். கை கூடியது. மறுபடி பேனா பிடித்து எழுதினேன், அடித்தேன், எழுதினேன். மலைக்குப் போவது மட்டும் இரண்டு வருஷம் தள்ளிக்கொண்டே போனது.

போன மாதம் கிளம்பும் காலையில் பார்த்தால் துணி நைந்திருந்தது. மாற்றிக் கட்ட அவிழ்த்தவள் அப்படியே நின்றாள். வெள்ளைக் காசு செம்பாகச் சிவந்திருந்தது.

கார் ஓட்ட வந்திருந்த மச்சான் எட்டிப் பார்த்தான். செல்போனில் நாணய வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறவன்.

"மாமா! இது மின்ட்டு மிஸ்டேக்கு. காசு அடிக்கிற எடத்துல வேற உலோகத்துல அடிச்சுட்டான். லட்சத்துல போவும். உன் கை ஒடஞ்சதுகூட லாபந்தான் போ!"

"வாயக் கழுவுடா. அது சாமி காசு," என்றாள் அவள்.

"அஞ்சு ரூபாதானக்கா வேண்டிக்கினே? வேற அஞ்சு ரூபா போடு. அவருக்கு இன்னா கொறயப் போவுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஆசை வந்துவிட்டது. புத்தூர் தாண்டி, ரேணிகுண்டா தாண்டி, வழியெல்லாம் மனசுக்குள் வேலையை விட்டேன், மாடியில் ஓர் அறை கட்டினேன், அதற்கு வெள்ளையும் அடித்தேன். பின்சீட்டில் அவள் காசு முடிச்சை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போதோ கூடிவிட்ட மணிக்கட்டு அன்று பார்த்து வலித்தது.

திருப்பதியில் பழைய காசு விற்கும் சின்னக் கடை முன்னால் மச்சான் காரை நிறுத்தினான். கடைக்காரர் எங்கள் காசைத் தராசில் வைத்தார். பிறகு கல்லாவிலிருந்து அதே மாதிரி இன்னொன்று. எடையில் இம்மியும் வித்தியாசமில்லை.

"வேற உலோகம்னா எடை மாறும் சார்." லென்ஸை எடுத்தார். குனிந்து காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்தார்.

"லேது சார், இல்ல. தப்பு மின்ட்டுல நடக்கல, உங்க ஊட்டுல நடந்திருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். சிவப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் தடம், துணியின் நெசவு அப்படியே. மடிப்பு அழுந்திய இடத்தில் மட்டும் பழைய வெள்ளை ஒரு கீற்று. ஈர மஞ்சளில் கிடந்து ஏறிய கறை, மேல்தோலோடு சரி.

"பொறக்கும்போதே வந்த குறைன்னா நெறம் எங்கயும் ஒண்ணா இருக்கும். இது அப்புறம் பட்டது. அஞ்சு ரூபாதான்."

"அஞ்சுதானா?" என்றாள் என் மனைவி.

"அஞ்சேதாம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் மிரண்டுவிட்டார். "இதக் கேட்டு அழுதவங்களப் பாத்திருக்கேன். சிரிச்சது நீங்கதாம்மா."

"வீடியோவுல இதே கலருதான் காட்னாங்க," என்று மச்சான் முனகினான்.

"அப்ப அந்த வீடியோக்காரன்கிட்டயே வித்துடு தம்பி."

என் மாடி அறை சத்தமில்லாமல் இடிந்தது. லட்சம் என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கை என்ன செய்திருக்கும்? தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் போனதே, அதுதான் பெரிய நிம்மதி.

உண்டியல் முன்னால் அவள் காசை என்னிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க. உங்க கைதான?"

போட்டேன். வலிக்கவில்லை. பின்னாலிருந்து கூட்டம் தள்ளத்தான் செய்தது. தள்ளாவிட்டாலும் போட்டிருப்பேன்.